தனியார் நிலத்தில் நடக்கும் உரிமை

கேள்வி: இங்கிலாந்தில் தனியார் வயல்களின் ஊடாகவும் பொதுமக்கள் நடந்து செல்லலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். பொதுப்பாதையாகப் பதிவான தடத்தில், நிலம் யாருடையதாயினும் நடக்கலாம். உரிமையாளர் அதை அடைக்கக் கூடாது. மலைகளிலும் புதர்மேடுகளிலும் பாதையை விட்டு விலகி உலவும் உரிமையோ 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பரவலாகக் கிடைத்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1932 ஏப்ரல் 24 அன்று, செல்வந்தரின் பறவை வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள். அவர்களுள் ஐவர் சிறை சென்றார்கள். வாரமெல்லாம் ஆலைப் புகையில் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்றையும் மறுத்தது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது: பொறுப்புடன் நடந்துகொள்வோர் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் உலவலாம்; பயிர் நிற்கும் வயல், வீட்டை ஒட்டிய தோட்டம் போன்ற சில இடங்கள் அதில் அடங்கமாட்டா.