பழுப்பேறிய கூலண்ட்: தண்ணீர் ஊற்றினால் போதுமா?

கேள்வி: 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கூலண்டை ஒருமுறைகூட மாற்றியதில்லை. இப்போது பழுப்பாகத் தெரிகிறது. "நம்ம ஊர்ல பனியா கொட்டுது, தண்ணி ஊத்துங்க சார்" என்கிறார் மெக்கானிக். மாற்ற வேண்டுமா? நானே செய்யலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். சூட்டைக் கடத்துவதில் வெறும் தண்ணீர் கூலண்டைவிட மேல் என்பது உண்மை. ஆனால் அலுமினிய ஹெட், வாட்டர் பம்ப், சில வண்டிகளில் வார்ப்பிரும்பு பிளாக் எல்லாம் ஒரே திரவத்தில் ஊறிக் கிடக்கின்றன. அவற்றை அரிப்பிலிருந்து காப்பவை கூலண்டில் கலந்திருக்கும் ரசாயனங்கள். நாளடைவில் தீர்ந்துபோவது அவைதான். கூலண்டின் அடிப்படைத் திரவமான கிளைக்கால் அப்படியே இருக்கும். அதனால் கிளைக்கால் அளவைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் சரியாகக் காட்டும் கூலண்டிலும் துரு பிடிக்கும். பழுப்பு நிறம் பெரும்பாலும் அந்தத் துருதான். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பும் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

பழைய சிலிகேட் வகை கூலண்டுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. கெடு. ஆர்கானிக் அமில வகை சுமார் 5 ஆண்டு தாங்கும்; சில நிறுவனங்கள் முதல் மாற்றத்துக்கு இன்னும் நீண்ட கெடு தருகின்றன. மேனுவலில் உள்ளதே இறுதி. நிறம் பார்த்து வாங்காதீர்கள். அது வெறும் சாயம், எல்லா கம்பெனிக்கும் பொதுவான நிறக் கணக்கு கிடையாது. வகை மாறிக் கலந்தால் ஆயுள் குறையும், சில சமயம் கூழாகத் திரளும்.

அளவு அடிக்கடி குறைகிறதா? முதலில் கசிவைத் தேடுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் பால்போல வெளுத்திருந்தாலோ, சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தாலோ ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது கூலண்ட் ஊற்றுவது வீண்செலவு.

வேலையை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே தொடங்குங்கள். மூடிக்குள் சுமார் 1 பார் அழுத்தம் இருக்கும். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். மூடியைக் கழற்றி, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்துங்கள். அது பிளாஸ்டிக், முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு, கீழ் ஹோஸைக் கழற்றி வடியுங்கள். வடிந்ததைக் கட்டாயம் அளந்து வையுங்கள். ரிசர்வ் டேங்கையும் கழுவுங்கள்.

பிறகு வடிகாலை மூடித் தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். கீழ் ஹோஸ் சுட்டால் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமுன் நிறுத்தினால் பிளாக்கிலுள்ள அழுக்கு அசையாது. ஆறியபின் வடியுங்கள்; சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையும். தெளிவாக வரும்வரை இதைச் செய்து, கடைசி இரண்டு முறை காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள்.

பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், வடிந்தது 3 லிட்டர் என்றால் பிளாக்கிலும் ஹீட்டரிலும் 2 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் 3 லிட்டர் ஊற்றினால் கலவை 30 சதவீதம்தான் தேறும். கலக்காத கூலண்ட் 2.5 லிட்டரை முதலில் ஊற்றி, மிச்சத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 60 சதவீதத்தைத் தாண்டினால் குளிர்விக்கும் திறன் குறையும்.

காற்றை வெளியேற்றப் பொறுமை வேண்டும். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகு இருந்தால் குமிழியில்லாமல் கூலண்ட் வந்ததும் மூடுங்கள். மூடி திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை சுழன்று நின்றதும் மூடிவிடலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம், ஹீட்டரில் குளிர்ந்த காற்று, துள்ளும் வெப்பமுள்: உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தைப் பார்த்து ஊற்றுங்கள்.

பழைய கூலண்ட் நச்சு, ஆனால் இனிக்கும். திறந்து வைத்தால் நாயும் பூனையும் நக்கும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து. சாக்கடையில் கொட்டாமல், கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஹைபிரிட் வண்டியோ, மின்சார வாட்டர் பம்ப் உள்ள டர்போ வண்டியோ என்றால் வீட்டில் கைவைக்க வேண்டாம். அவற்றில் பலவற்றுக்குக் காற்றெடுக்க, வண்டியின் கணினியில் இணைக்கும் ஸ்கேன் டூலோ வேக்குவம் கருவியோ தேவைப்படும்.