பாண்டி கடைல மூணு கேமிங் பிசி காட்டுனாங்க, எதை எடுக்கறது?

கடலூர் திருப்பாப்புலியூர்லேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பையன் இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்றானாம், படிப்புக்கும் ஆகணும், வாலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் ஆடணும்ங்கறானாம். பாண்டில ஒரு கடைல ரெடியா அசெம்பிள் பண்ணி வச்சிருக்கற மூணு பிசி காட்டிருக்காங்க: 35 ஆயிரத்துக்கு ஐ7 ப்ராசஸர், 62 ஆயிரத்துக்கு ரைசன் 5 5600 ப்ராசஸர் கூட ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 95 ஆயிரத்துக்கு ஐ5 12400எஃப் கூட ஆர்டிஎக்ஸ் 4060. 65 வரைக்கும்தான் போடமுடியும், எது எடுக்கலாம்னு கேக்கறாங்க.

அக்கா, அந்த 62 ஆயிரத்தையே எடுங்க. ஆனா கொட்டேஷன்ல எழுதிருக்கறபடி அப்படியே எடுத்துடாதீங்க, சிலத மாத்தச்சொல்லி எடுக்கணும்.

மொதல்ல அந்த 35 ஆயிரம் ஐ7. கொட்டேஷன்ல ஐ7-3770, கூட ஜிடி 730 4ஜிபி கார்டுனு இருக்கு. 3770ங்கறது 2012ல வந்த ப்ராசஸர், விண்டோஸ் 11 முறைப்படி அதுல ஏறாது, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திடுச்சு. ஜிடி 730 படம் பாக்க ஆகும், கேமுக்கு ஆகாது, 4ஜிபினு போட்டிருக்கறதால வேகம் வந்துடாது. கேபினட்ல கலர் கலரா லைட்டு எரியுதுனு பையன் ஆசப்பட்டாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. நெஜமாவே பட்ஜெட் 35, 40தான்னா, கார்டே இல்லாம, உள்ளயே கிராபிக்ஸ் இருக்கற ரைசன் 5 5600ஜி போட்டு, பின்னாடி கார்டு சேத்துக்கற மாதிரி வாங்கறது எவ்வளவோ மேல், வாலரன்ட் அதுலயே நல்லா ஓடும்.

இப்ப 62 ஆயிரத்துக்கு வருவோம். 3050ங்கற ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு, 2022ல வந்த 8ஜிபி ஒண்ணு, 2024ல வந்த 6ஜிபி ஒண்ணு, மெமரி மட்டுமில்ல உள்ள இருக்கற கோரும் 6ஜிபில கம்மி, வேகமும் கம்மி. உங்க கொட்டேஷன்ல வெறும் 3050னுதான் இருக்கு, அதனால எதுன்னு கேட்டு பில்லுலயே எழுதச்சொல்லுங்க. அதே விலைக்கு ஆர்எக்ஸ் 6600ங்கற கார்டு கெடைச்சா யோசிக்காம அத எடுங்க, சாதாரணமா ஆடற கேம்ல ரெண்டு 3050யையும் விட நல்லாவே முன்னாடி நிக்கும். ரேம் 16ஜிபிங்கறத ஒரே ஸ்டிக்கா குடுப்பாங்க, 8ம் 8மா ரெண்டு ஸ்டிக் கேளுங்க, டூயல் சேனல்ல, அதாவது ரெண்டும் சேந்து வேகமா ஓடும்.

ரொம்ப முக்கியமா பவர் சப்ளை. கொட்டேஷன்ல “450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்”னு மட்டும் எழுதி கம்பெனி பேரே போடாம விட்டிருக்காங்க. சைடு பேனல கழட்டச்சொல்லி அந்த பெட்டி மேல ஒட்டிருக்கற லேபிளப் பாருங்க. +12வினு ஒரு கட்டம் இருக்கும், அதுக்கு நேரா ஆம்ப்ஸ் போட்டிருக்கும். அங்க 18னு இருந்தா 12ஐ 18ஆல பெருக்குங்க, 216 வாட்ஸ்தான். ப்ராசஸரும் கார்டும் இந்த லைன்லேர்ந்துதான் கரண்ட்டு எடுக்குது, அப்புறம் பெட்டி மேல பெருசா 450னு போட்டு என்ன பிரயோஜனம், கேம்ல லோடு ஏறினதும் பொசுக்குனு ஆஃப் ஆயிடும், சமயத்துல போர்டையும் சேத்து இழுத்துட்டுப்போயிடும். நல்ல கம்பெனி 550 வாட்ஸ், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (கரண்ட்ட அதிகம் வீணாக்காதுங்கற சான்று) போடச்சொல்லுங்க, கையில மிச்சம் இருக்கற 3 ஆயிரத்த இதுக்குத்தான் போடணும், லைட்டு ஃபேனுக்கு இல்ல.

95 ஆயிரம் பிசி நல்ல மெஷின்தான், 4060 வெறும் 115 வாட்ஸ்ல ஓடற கார்டு, புது கேமெல்லாம் ஃபுல் எச்டில தாராளமா ஆடலாம். ஆனா அந்த வேகம் கண்ணுக்குத் தெரியணும்னா செகண்டுக்கு 144 தடவ படத்த மாத்தற 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வேணும், நீங்க சொன்ன கேமுக்காக 30 ஆயிரம் கடன் வாங்கவேணாம்.

மூணு வெலையும் மானிட்டர் சேத்தா சேக்காமயானு கேட்டீங்களா? யுபிஎஸ், ஒரிஜினல் விண்டோஸ் இதெல்லாமும் கேளுங்க. நம்ம பக்கம் மழை, புயல் மாசத்துல கரண்ட்டு போயி போயி வரும், யுபிஎஸ் இல்லாம வைக்காதீங்க. 600 விஏனு சொல்றது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும், உங்க பிசிக்கு அது போதும்.

பாண்டின்னா வரி கம்மி, வெலையும் கம்மினு இன்னும் பேச்சு இருக்கு. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுலேர்ந்து கம்ப்யூட்டருக்கு கடலூர்லயும் 18 சதவீதம்தான், பாண்டிலயும் அதேதான். அதனால கடலூர்லயே அதே வெலைக்குத் தந்தா இங்கயே வாங்குங்க, ரிப்பேருன்னா தூக்கிட்டு ஓடவேணாம். பில்லு இல்லாம குறைச்சுத் தரேன்னா ஒத்துக்காதீங்க, கார்டுக்கு பெரும்பாலும் 3 வருஷ வாரண்டி வரும், சீரியல் நம்பர் போட்ட பில்லு இருந்தாத்தான் அத கேட்டு வாங்கமுடியும்.

பாண்டிலேர்ந்தே கொண்டு வர்றதா இருந்தா கேபினட்ட நிக்கவச்சு கொண்டு வராதீங்க, மதர்போர்டு பக்கம் கீழ இருக்கற மாதிரி படுக்க வைங்க, குலுங்கறதுல கார்டு ஸ்லாட்டுலேர்ந்து எறங்காது. வீட்டுல மானிட்டர் ஒயர மேல மதர்போர்டுல இருக்கற போர்ட்டுல சொருகாம கீழ கார்டுல இருக்கற போர்ட்டுல சொருகச்சொல்லுங்க, 5600க்கு உள்ளயே கிராபிக்ஸ் கெடையாது, மாத்திச் சொருகினா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது.