வால் இறங்கட்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

காரிமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஓசூரில் ஏழு வருஷம் கம்பெனி வேலை பார்த்துவிட்டுப் போன தையில் ஊருக்கே வந்துவிட்டேன். வீட்டில் 45 செம்மறி, எட்டு வெள்ளாடு. அப்பாவுக்கு முட்டி வலி, முன்போல மேய்ச்சலுக்குப் போக முடியவில்லை. வெளிநாட்டில் ஒரே ஒரு நாய் இருநூறு ஆட்டை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பெங்களூரில் ஒருவரிடம் பார்டர் கோலி குட்டி வாங்கினேன். விலையைச் சொன்னால் அப்பா என்னையும் சேர்த்துத் துரத்திவிடுவார். ஜிம்மி என்று பெயர். இப்போது ஏழு மாசம்.

படலைத் திறந்ததும் பாய்ந்து ஆட்டை நாலா பக்கமும் சிதற அடிக்கிறது. "நோ, நோ, ஜிம்மி, ஸ்டாப்" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். கத்தக் கத்த வேகம் கூடுகிறது. போன வாரம் ஒரு பெட்டை ஆட்டின் பின்னங்காலைக் கடித்துவிட்டது. "மூணு நாள் கட்டிப்போட்டு நாலு போடு போட்டா அடங்கிடும்" என்கிறார் அப்பா. கரண்ட் ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிப் போடு என்கிறான் நண்பன். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாட்டு நாய் இருக்கிறது, பத்து வயசு, ஒரு வேலையும் செய்யாமல் பட்டி வாசலிலேயே படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்தாவது இது கற்றுக்கொள்ளும் என்று நினைத்தேன், நடக்கவில்லை. ஜிம்மியைத் திருத்த முடியுமா, இல்லை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

கொடுக்க வேண்டாம். அந்தக் கரண்ட் பட்டையையும் வாங்க வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்து வயசு நாய்க்காக இரண்டு வார்த்தை பேச வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் எனக்குச் சுருக்கென்று பட்டது அந்த வரிதான். வேலை செய்யாமல் படுத்துக் கிடக்கிறது என்கிறீர்கள். தம்பி, படுத்துக் கிடப்பதுதான் அதன் வேலை. நம் பக்கத்துப் பட்டி நாய் ஆட்டை ஓட்டுகிற நாய் இல்லை, காக்கிற நாய். என் தாத்தா கண் திறந்து கொஞ்ச நாளான குட்டியைக் கொண்டுவந்து ஆட்டுக்குட்டிகளோடேயே கூடையில் போட்டுவிடுவார். ஆட்டுப்பால் குடித்து, ஆட்டு மூத்திர வாசத்தில் புரண்டு, தானும் ஆடு என்கிற நினைப்பிலேயே அது வளரும். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாசம் வரைக்கும் யாரோடு இருக்கிறதோ அவர்களைத்தான் நாய் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும் என்று இன்றைக்கு ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள், தாத்தாவுக்கு அது கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. ஊத்தங்கரையிலிருந்து செங்கம் வழியாகத் தண்டராம்பட்டுப் பக்கம் போனால் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் வைத்த நடுகல் ஒன்று அங்கே உண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். 1,300 வருஷத்துக்கு மேலாக இதுதான் நம் மந்தை நாயின் உத்தியோகம். உங்கள் கிழட்டு நாய் ராத்திரியில் தலையைத் தூக்கி ஒரு தடவை குரைக்கிறதே, அதற்குத்தான் அதற்குச் சோறு. அதனிடம் போய் ஜிம்மி ஓட்டக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது, வாட்ச்மேனிடம் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்வது மாதிரி.

ஜிம்மி வேறு சாதி வேலைக்காரன். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையில் மேய்ப்பர்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இனம் அது. 1893இல் நார்தம்பர்லேண்டில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த இனத்துக்கே மூதாதை என்பார்கள். குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் நாய் என்று அதற்குப் பேர். ஓநாய் எப்படி வேட்டையாடும்? உற்றுப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். அதில் முதல் மூன்றை நன்றாக வளர்த்து, கடைசி இரண்டை முடிந்தவரை அடக்கி வைத்த நாய்தான் உங்கள் வீட்டில் இருப்பது. முடிந்தவரை என்றுதான் சொன்னேன். பதற்றத்தில் அந்த நாலாவது படி வெளியே வந்துவிடும், உங்கள் ஆட்டின் காலில் வந்தது மாதிரி. ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள், நாய் கெட்டுப்போகவில்லை. ஏழு மாசக் குட்டியின் மூக்குக்கு முன்னால் 53 ஆட்டை ஒரே நேரத்தில் திறந்துவிட்டது நீங்கள்.

சரி, இப்போது கத்துவதைப் பற்றி. நீங்கள் கத்தும்போது ஜிம்மிக்கு என்ன கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது ஓடுகிறது, பின்னாலேயே எஜமானும் கை காலை ஆட்டிக்கொண்டு சத்தம் போட்டு ஓடி வருகிறார். கூட்டு வேட்டை! அதனால்தான் வேகம் கூடுகிறது. இந்த வகை நாய்க்கு உங்கள் வாயைவிட நீங்கள் நிற்கும் இடம்தான் முதலில் புரியும். ஆட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, ஆட்டை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அதற்கு யாரும் சொல்லித்தராமலே வரும் ஆசை. நீங்கள் கிழக்கே நின்றால் அது மேற்கே போகப் பார்க்கும், நீங்கள் நகர்ந்தால் அதுவும் எதிர்ப்பக்கமாக நகரும். நடுவில் ஆடு. ஆட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வட்டம் ஒன்று உண்டு, வட்டத்தின் விளிம்பில் நுழைந்தால் நடக்கும், உள்ளே பாய்ந்தால் சிதறும். தோள்பட்டைக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், முன்னால் வந்தால் திரும்பும். இதை நாய்க்குச் சொல்லித்தருவதற்கு முன் நீங்களே நாயில்லாமல் ஒரு வாரம் உங்கள் ஆட்டோடு செய்து பாருங்கள். கையில் கோல் இல்லாமல், வாயைத் திறக்காமல், அஞ்சு ஆட்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடத்திக் காட்ட முடிகிறதா? அப்பாவால் முடியும், பந்தயம் கட்டுகிறேன். முட்டி வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாரே, உங்களுக்கு வாத்தியார் அவர்தான். வெளிநாட்டு வீடியோவில் இருப்பவர் இல்லை.

அப்புறம் "இரு". ஜிம்மி முதலில் கற்க வேண்டிய ஒரே சொல் இதுதான். என் பக்கம், அஞ்செட்டி ரோட்டில், ஆட்டுக்காரர்களில் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள், அவர்களுக்கும் "இரு" என்றால் இரு, எனவே யார் கூட அனுப்பினாலும் நாய்க்குக் குழப்பமில்லை. ஆட்டுக்குப் பக்கத்திலேயே போகாமல் தட்டில் ஆரம்பியுங்கள். மோர் விட்டுக் கரைத்த களியைக் கீழே வைத்துவிட்டு, "இரு" என்று ஒரே தடவை, சாதாரணக் குரலில். பாய்ந்தால் திட்டாமல் தட்டைத் தூக்கிவிடுங்கள். ஒரு மூச்சு நேரம் நின்றால் போதும், "ம்" என்று விட்டுவிடுங்கள். நாலைந்து நாளில் அது தட்டைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். அந்தப் பார்வை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, ஆனால் பாதிக் கிணறுதான். பிறகு வீட்டு வாசலில், பிறகு படல் முன்னால், பிறகு முப்பது அடிக் கயிற்றோடு வெளியில்.

ஆட்டுக்கு நடுவில் வேலை பழக்குவதற்கு ஏழு மாசம் எனக்குச் சின்ன வயசாகத்தான் படுகிறது. பத்து மாசம், ஒரு வருஷம் ஆகட்டும், ஆட்டை முந்தி ஓடி வளைக்கும் கால் வரட்டும். அதுவரை தனியாக ஆட்டோடு விடவே விடாதீர்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் தானாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து அதிலேயே ஊறிவிடும். நேரம் வந்ததும் முரடு இல்லாத அஞ்சாறு செம்மறியைச் சின்ன வட்டப் பட்டியில் விட்டு, பத்து நிமிஷம், அவ்வளவுதான். வெள்ளாட்டை ஆரம்பத்தில் சேர்க்காதீர்கள். செம்மறி பயந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், வெள்ளாடு ஆளுக்கொரு திசையில் போகும், சிலது திரும்பி நின்று முட்டும், குட்டி நாய் மிரண்டுவிடும்.

அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது வாலை. முதல் நாள் ஜிம்மியின் வால் கொடி மாதிரி மேலே நிற்கும், அதற்கு விளையாட்டு என்று அர்த்தம். சுற்றிச் சுற்றி ஓடும், நடுவில் பாயும். நீங்கள் ஆட்டுக்கும் அதற்கும் இடையில் அதன் தோளைப் பார்த்து ஓர் அடி எடுத்து வையுங்கள், வட்டம் அகலமாகும். ஒரு கட்டத்தில், இரண்டாம் நாளோ பத்தாம் நாளோ, திடீரென்று வால் இறங்கிப் பின்னங்காலோடு ஒட்டிக்கொள்ளும், தலை தோள் மட்டத்துக்குக் கீழே போகும், ஒரு முன்னங்கால் தூக்கியபடி அந்தரத்தில் நிற்கும். ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு அதைப் பார்க்கும். ஒரு சத்தம் இருக்காது. அப்போது "இரு" சொல்லுங்கள். நின்றால், அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று நிற்காதீர்கள், நான் அப்படி நின்று கெடுத்தவன்.

திசைச் சொற்கள் கடைசியில்தான். கடிகார முள் போகும் பக்கம் சுற்ற "கம் பை", எதிர்ப்பக்கத்துக்கு "அவே" என்பார்கள் இங்கிலீஷ் மேய்ப்பர்கள். நான் "சுத்து", "அந்தாண்ட" என்று வைத்திருந்தேன். காதுக்கு ஒன்றுபோல இல்லாத எந்த இரண்டு சொல்லும் சரிதான், ஆனால் அது தானாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போக வைக்கப் பார்த்தால் வருஷக்கணக்காகும்.

அடியைப் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் முதலில் வந்த கோலி, தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனது. கழுத்தில் வெள்ளைப் பட்டை, அம்மா வெள்ளச்சி என்று பேர் வைத்தாள். ஒரு நாள் என் பேச்சைக் கேட்காமல் ஆட்டைப் பக்கத்துக் காட்டுக் கேழ்வரகில் விட்டுவிட்டது. காட்டுக்காரர் என்னைப் பேசிய பேச்சில் கோபம் தலைக்கேறி, "வெள்ளச்சி, வா" என்று கூப்பிட்டேன், வந்தது, வந்ததை அடித்தேன். அதன் கணக்கில் அது அடி வாங்கியது ஆட்டை விட்டதற்கு இல்லை, கூப்பிட்டதும் வந்ததற்கு. அதற்குப் பிறகு நாலு மாசம் பத்தடிக்குப் பக்கத்தில் வரவில்லை. வேலை செய்யும், தள்ளிப் படுத்துக்கொள்ளும். தினமும் சாயங்காலம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னால் கையை நீட்டி உள்ளங்கையில் களி உருண்டை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு நாள் கையில் ஈர மூக்கு பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடும் என்று தெரியும். கரண்ட் பட்டை வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான். ஷாக் அடிக்கும் நொடியில் ஜிம்மி ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆடு சுடும் என்று நினைத்துக்கொள்ளும், உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் சுடுகிறீர்கள் என்று. இரண்டில் எது நடந்தாலும் அந்த நாய் மேய்ச்சலுக்கு ஆகாது.

சில உடம்புச் சமாச்சாரங்களையும் சொல்லிவிடுகிறேன். அந்த மயிருக்கு நம் சித்திரை வெயில் ஆகாது, காலை எட்டரைக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். மூன்று மாசத்தில் போட்டிருக்க வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியை விற்றவர் போட்டாரா என்று அட்டையைப் பாருங்கள். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் மருந்து மிச்சமிருக்கிறதே என்று நாய்க்கும் ஊற்றிவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு, கோலி வகையில் சில நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. ஆடு அறுத்தால் தலையைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். ஆட்டு மூளையில் இருக்கும் நீர்க்கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும், அதை மேய்ந்த ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து சாகும். அதை ஏதோ செய்வினை என்று தாயத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு நாய்க்கும் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நாடாப்புழு மாத்திரை கொடுத்தால் தீர்ந்தது.

ஒன்று விட்டுப்போயிற்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் கடிபட்ட அந்தப் பெட்டை ஆட்டைப் பற்றி அப்புறம் ஒரு வரிகூட இல்லை. பல் பட்ட ஓட்டை வெளியே சின்னதாக இருக்கும், உள்ளே சீழ் கோத்திருக்கும், இப்போது ஈக் காலம் வேறு. இன்றைக்குச் சாயங்காலம் பட்டி அடைக்கும்போது அதைப் பிடித்து நிறுத்தி, மயிரை விலக்கிப் பாருங்கள். புழு வைத்திருந்தால் வேப்பெண்ணெய் போட்டுவிட்டு, காலையில் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். நொண்டுகிறதா என்று எழுதுங்கள்.