கொடைக்கானல் நில அதிர்வுமானியைக் கொண்டு பழனி மலைக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. அதற்குக் கருவியும் பொருந்தாது, மலையும் பொருந்தாது.

நான் பண்ணைக்காட்டுக்காரன். காவிரிப் படுகையில் எடுத்த நில அதிர்வுப் பதிவுகளை அலசுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. நம் மலையைப் பற்றியே இப்படி ஒரு கேள்வி வந்ததில் மகிழ்ச்சி.

கொடைக்கானலில் இருப்பது தொலைதூர நிலநடுக்கங்களைப் பதியும் கருவி. சுமத்ராவிலிருந்து வந்து சேரும் அலை பெரும்பாலும் நொடிக்கு ஓர் அதிர்வு, அல்லது அதற்கும் குறைவு. கெட்டிப் பாறையில் அது நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுவதால் அலைநீளமே 6 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. 30 மீட்டர் தடிமனுள்ள மணற்கல் அடுக்கு அதற்குத் தட்டுப்படவே படாது. எண்ணெய் தேடுபவர்கள் அலையைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். துளையிட்டு வெடி வைப்பார்கள். அல்லது கனமான லாரியைக் கொண்டு தரையை நொடிக்கு 8 முதல் 80 முறை வரை அதிரச் செய்வார்கள். திரும்பி வரும் எதிரொலியை நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான ஜியோஃபோன்கள், அதாவது தரையதிர்வை உணரும் சிறு கருவிகள், பதிகின்றன. அலை சராசரியாக நொடிக்கு 3,000 மீட்டர் ஓடி, எதிரொலி 2 நொடியில் திரும்பினால், அந்த அடுக்கு 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

அந்த எதிரொலி மிகவும் மெலிந்தது. காற்று, மோட்டார், சாலைப் போக்குவரத்து எல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே ஒரே இடத்தில் பட்டுத் திரும்பிய அலைகளை வெவ்வேறு தொலைவுகளில் பதிந்து, நேர வித்தியாசத்தைச் சரிசெய்து, ஒன்றோடொன்று கூட்டுகிறோம். எதிரொலி ஒரே நேரத்தில் விழுவதால் வளரும். இரைச்சல் தாறுமாறாக விழுவதால் பெரும்பகுதி தன்னைத்தானே தின்றுவிடும். 100 பதிவுகளைக் கூட்டினால் தெளிவு 10 மடங்கு கூடும். அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி மெய்ன் 1950-களில் காப்புரிமை பெற்ற உத்தி இது. வெறும் கிறுக்கலாக இருந்த திரையில் பாறை அடுக்குகள் எழுந்து வருவதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வரலாம்.

ஆனால் அப்படி எழுவது பாறையின் வடிவம், எண்ணெய் அல்ல. மணற்கல்லில் எரிவாயு இருந்தால் அலையின் வேகம் குறைந்து எதிரொலி பளிச்சென்று தெரியலாம் என்பது உண்மையே. சிக்கல் என்னவென்றால், நுண்துளைகளில் 5 விழுக்காடு வாயு இருந்தாலும் வேகம் ஏறக்குறைய அதே அளவு விழுந்துவிடும். எடுத்து விற்கத் தகுந்த அளவா, வெறும் கசிவா என்பதைக் கிணறு தோண்டித்தான் உறுதிசெய்ய வேண்டும். பதிவைப் பார்த்தே எண்ணெய் இருக்கிறது என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இனி மலை. பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோகைட். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து, பின்னர் மேலே வந்த பாறை. பழனி மலை அடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பாறைகள் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தைக் கண்டவை. எண்ணெய் உருவாவதோ ஏறக்குறைய 60 முதல் 150 டிகிரிக்குள். அந்த உலையில் எந்தக் கரிமப் பொருளும் எண்ணெயாக மிஞ்சாது. பாறையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிற இடத்தில் வெடி வைக்க வேண்டியதில்லை. சோலைக்காட்டில் அதைச் செய்யவும் கூடாது.

எண்ணெய் தேட வேண்டிய இடம் படிவுப் பாறை, அதாவது மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. நரிமணம், கோவில்களப்பால் கிணறுகளெல்லாம் காவிரிப் படுகையில் இருப்பது அதனால்தான். அந்தப் பாறையைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பினால் அரியலூருக்குப் போங்கள். அதே படுகையின் அடுக்குகள் அங்கே தரைக்கு மேலேயே, கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களோடு கிடக்கின்றன.