சென்னையில் எஃப்எம் ரேடியோவை இன்னும் யாராவது கேட்கிறார்களா? சைதாப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன், விளம்பரம் கொடுக்கலாமா? எல்லா நிலையமும் ஒரே மாதிரி இருக்கிறதே, ஏன்?

கேட்கிறார்கள். எத்தனை பேர் என்பதில்தான் சிக்கல். எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்க்க 2007-இல் வந்த ‘ரேம்’ கணக்கெடுப்பு டில்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா என்று நான்கு ஊர்களுக்குத்தான்; சென்னை அதில் இல்லை. ஆகவே ‘சார், நாங்கதான் நம்பர் ஒன்’ என்று ஒருவர் வந்தால், எந்த சர்வே, எந்த மாதம், யார் காசில் எடுத்தது என்று கேளுங்கள். இதைச் சொன்னால் ரேடியோக்காரர்களுக்குக் கோபம் வரும். நான் ரேடியோவுக்கு எதிரி இல்லை. கார், ஆட்டோ, தையல் கடை, சமையலறை எல்லாம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

என்ன கடை என்று நீங்கள் சொல்லவில்லை. பாத்திரக்கடையோ துணிக்கடையோ, தீபாவளிக்கு முன் கொஞ்சம் பணம் போடப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

விலை 10 விநாடிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். 18% ஜிஎஸ்டி தனி. ரேட் கார்டில் இருப்பதை அப்படியே கொடுக்காதீர்கள், அது பேரத்தின் தொடக்கம் மட்டுமே. மலிவாகக் கிடைக்கும் பேக்கேஜில் ‘நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் ஸ்பாட்டில், அதாவது விளம்பரம் ஓடும் தடவைகளில், பாதி இரவு 11 மணிக்கு மேல் ஓடி முடிந்துவிடும். காலை 8 முதல் 11, மாலை 5 முதல் 9 என்று டைம் பேண்டையும் (விளம்பரம் ஓட வேண்டிய நேரத்தையும்), ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பாட் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான்கு நிலையங்களில் தலா மூன்று ஸ்பாட் போடுவது வீண். ஒரே நிலையம், நாளுக்கு 10 ஸ்பாட், இரண்டு வாரம்: குறைந்தது இவ்வளவாவது வேண்டும். ஒரே விளம்பர இடைவேளையில் உங்களுக்கு முன்னும் பின்னும் போட்டிக் கடை வரக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆர்ஜேயின் இன்ஸ்டா ரீல் இலவசம் என்று சேர்த்துத் தருவார்கள். அதற்காக ஸ்பாட் எண்ணிக்கையைக் குறைக்க விடாதீர்கள்.

ஸ்கிரிப்ட்டில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். 20 விநாடிக்குத் தமிழில் 35 வார்த்தை போதும். 60 வார்த்தையைத் திணித்தால் குரல் கொடுப்பவர் மூச்சு விடாமல் ஓடுவார், கேட்பவருக்குக் கடைப் பெயரே பிடிபடாது. பெயர் மூன்று தடவை, அடையாளத்துக்கு ஒரு இடம், ஒரே ஒரு சலுகை. போன் நம்பர் வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர் எதில் குறித்துக்கொள்வார்? அதற்குப் பதில் ‘ரேடியோவில் கேட்டேன்’ என்று சொன்னால் ஒரு சின்னப் பொருள் இலவசம் என்று வையுங்கள். கல்லாவில் ஒரு நோட்டு போட்டு எண்ணுங்கள். விளம்பரம் ஓடுவதற்கு முந்தைய வாரத்து வியாபாரத்தையும் அதே நோட்டில் குறித்தால்தான் ஒப்பிட முடியும்.

இன்னொரு விஷயம், பெரிய நிலையத்துக்குக் கொடுத்தால் ஊரின் வடகோடியில், செங்குன்றத்தில் கேட்பவருக்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறீர்கள். அவர் சைதாப்பேட்டைக்கு வாளி வாங்க வரமாட்டார். உங்களுக்கு அருகிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி (சுற்றுவட்டாரத்துக்காக நடத்தும் சின்ன நிலையம்) 90.4 அலைவரிசையில் இருக்கிறது, 2004 முதல். சமுதாய வானொலிக்கு 100 வாட்தான் அனுமதி. 5 முதல் 10 கிலோமீட்டர் எட்டும். உங்கள் வாடிக்கையாளர் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறார். 2024-இல் வந்த விதியில் இவற்றுக்கு மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்றானது, முன்பு 7 நிமிடம். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். நேயர்கள் குறைவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை.

எல்லா நிலையமும் ஒரே மாதிரி இருக்கிறதே என்ற உங்கள் புலம்பலுக்கு வருகிறேன். 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று சென்னை நிலையங்களின் அலைவரிசை எண்களைப் பாருங்கள். ஒரே ஊரில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் விட வேண்டும் என்பது விதி. அதனால் நிலையங்கள் கொஞ்சம், உரிமக் கட்டணம் அதிகம், போட்ட காசை எடுக்க எல்லோரும் ஒரே சினிமாப் பாட்டைத் துரத்துகிறார்கள். உள்ளூர்ச் செய்தியாவது வித்தியாசம் காட்டியிருக்கும். அதற்கும் வழியில்லை. தனியார் எஃப்எம் ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. டிராஃபிக், மழை, மின்தடை, தண்ணீர் அறிவிப்பு, பரீட்சை முடிவு சொல்லலாம். உங்கள் தெருவில் மின்தடை என்று சொல்லலாம். மாநகராட்சி மன்றத்தில் அன்று என்ன தகராறு என்று செய்தி வாசிக்க முடியாது. டிவிக்கும் யூடியூபுக்கும் இல்லாத இந்தக் கட்டு ரேடியோவுக்கு மட்டும் ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செல்போன் கம்பெனிக்காரர்கள் வேறு பல போன்களில் ஹெட்போன் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அதில் செருகும் ஒயர்தான் எஃப்எம்முக்கு ஆன்டெனா.

சரி, உங்கள் விஷயம். முன்பணம் முழுவதையும் கட்டாதீர்கள், பாதி போதும். மீதியை, ஒவ்வொரு ஸ்பாட்டும் எந்த நேரத்தில் ஓடியது என்ற லாக் ஷீட் கைக்கு வந்ததும் கொடுங்கள். விட்டுப்போன ஸ்பாட்டுக்கு ஈடாக அதே டைம் பேண்டில் போடச் சொல்லுங்கள். தீபாவளி முடிந்தபிறகு ஓட்டித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.