கவிஞர் நேரில் வாசிப்பதைக் கேட்பதில், புத்தகத்தில் படிப்பதைவிட என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் கவியரங்கத்தைத்தான் நினைப்பார்கள். தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே அழைப்பார். வருகிறவர் தலைவருக்கும் அவைக்கும் வணக்கம் சொல்வதிலேயே பாதி நேரத்தைக் கரைப்பார். கைதட்டல் கிடைத்த வரியை இரண்டு தடவை சொல்வார். கிடைக்காத வரியை மூன்று தடவை. அதை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

நான் சொல்வது, நூலக மண்டபத்தில் கொஞ்சப் பேர் மட்டும் கூடியிருக்க, ஒரு கவிஞர் உட்கார்ந்தபடியே தன் கவிதைகளை வாசிக்கும் கூட்டத்தை. மட்டக்களப்பு நகரில் அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசித்தவர் வயதானவர், மரபில் எழுதுபவர். ஒரு போடியாரும் (எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரரை அப்படித்தான் சொல்வோம்) அவருடைய வயலில் வேலை செய்பவரும் பேசிக்கொள்ளும் கவிதை அது. அச்சில் மேற்கோள் குறிகூடக் கிடையாது. யார் பேச்சு எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். அவரோ குரலைச் சற்றே மாற்றினார், அவ்வளவுதான். போடியார் வாய் திறந்ததுமே முன்வரிசைக் கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். அடி முடியும் இடத்தில் அவர் நிற்கவே இல்லை. பேச்சு எங்கே நிற்குமோ அங்கே நின்றார், சில வேளை சீருக்கு நடுவிலும். ஆனாலும் ஓசை எங்கும் உடையவில்லை.

பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணனும் (1931–1975) கல்முனைக்குடி எம். ஏ. நுஃமானும் செய்யுளுக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தவர்கள் என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். நானும் படித்துத் தலையாட்டியிருக்கிறேன். அந்தப் பேச்சோசை என்னவென்று காதுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

எல்லாக் கவிதைக்கும் இது பொருந்தாது. படிமம் செறிந்த புதுக்கவிதையை நான் தாளில்தான் விரும்புகிறேன். திரும்பத் திரும்ப மேலே போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. நன்றாக எழுதுகிற சிலர் ஒலிவாங்கியைக் கண்டதும் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதும் உண்டு.

போவதானால் தொகுப்பை முன்பே ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். மின்விசிறிச் சத்தத்துக்குத் தப்ப முன்னால் உட்காருங்கள். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் வெளியே உலாவிவிட்டு வந்தாலும் பாவமில்லை. ஆனால் தேநீர் கொடுக்கும்போது கிளம்பிவிடாதீர்கள். மேடையில் வாசிக்காத கவிதை ஒன்றை அங்கே கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கவிஞர்கள் மாட்டேன் என்று சொல்வது அபூர்வம்.