வீரியம் குறைத்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘அட்டென்யுவேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டாள். அகராதியில் ‘மெலியச் செய், வலுக்குறை’ என்று இருக்கிறது. இயற்பியலில் சிக்னலோடு வருகிறது, உயிரியலில் தடுப்பூசியோடு வருகிறது. எது சரி? கிருமியைக் கொன்றுவிட்டாலே போதாதா, எதற்கு மெலிய வைக்கிறார்கள்? ஒரு வரியில் சொன்னால் போதும்.

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் சரிதான். கேபிளில் போகப்போக சிக்னல் தேய்வதும் அதுவே. இயற்பியலை அவளுடைய டீச்சர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் ‘ஒரு வரியில் போதும்’ என்கிறீர்களே, பிள்ளை ஆசையாகக் கேட்டதற்கு ஒரு வரி அளந்து போட நான் என்ன ரேஷன் கடையா? உங்கள் இடது தோளைப் பாருங்கள். பெரும்பாலும் வட்டமாக, சற்றே குழிந்து ஒரு தழும்பு இருக்கும். காசநோய்க்கு எதிராகப் போடும் பிசிஜி ஊசி. அதில் இருக்கும் கிருமியை மெலிய வைக்க 13 வருடம் ஆனது.

கொஞ்ச நாளாக எனக்கு இதே நினைப்புதான். பேத்திக்குப் பிறந்தவுடன் போட்ட ஊசி, சில வாரம் கழித்துச் சிவந்து, மிளகளவு கொப்புளமாகி, சீழ் கோத்தது. வீட்டில் ஒருவர் மஞ்சளோடு வர, இன்னொருவர் களிம்போடு வந்தார். இரண்டு பேரையும் விரட்டினேன். அது அப்படித்தான் பழுத்து, உடைந்து, தானே ஆறும். உள்ளே போனது உயிருள்ள கிருமி. செத்த கிருமியே போதும் என்கிற நோய்களும் உண்டு. காசநோய்க்கு அது சரிவரவில்லை. உயிரோடு இருக்கிற ஒன்றோடு உடம்பு கொஞ்ச காலம் மல்லுக்கட்டிப் பழக வேண்டும்.

1908இல் பிரான்சின் லீல் நகரத்தில் கால்மெட் என்ற மருத்துவரும் கெரான் என்ற கால்நடை மருத்துவரும் மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிசரினில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுதான் அதற்குத் தீனி. கிருமிகள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டதால், பிரித்துவிட மாட்டுப் பித்தநீரைச் சேர்த்தார்கள். அதில் வளர்ந்த கிருமியின் வீரியம் மெல்லக் குறைவது அப்போதுதான் கண்ணில் பட்டது. சரி என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிய கிழங்குத் துண்டுக்கு மாற்றுவார்கள். மறுபடி மூன்று வாரம். நடுவில் உலகப்போர் வந்து லீல் ஜெர்மன் படையின் கைக்குப் போனது. கிழங்குக்கே தட்டுப்பாடு. அப்போதும் மாற்றுவதை நிறுத்தவில்லை. இப்படி 230 முறை! முதல் குழந்தைக்குக் கொடுத்தது 1921இல், பாரிஸில். நம் புத்தகங்களோ ‘கால்மெட், கெரான் கண்டுபிடித்தனர்’ என்று எழுதி, தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தக் கிழங்கை ஒருவர்கூடச் சொல்வதில்லை. எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் கிருமி ஏன் மெலிந்தது என்று அவர்களுக்கே தெரியாது. வளர்ப்பின்போது அது தன் மரபணுவில் ஒரு துண்டைத் தொலைத்திருந்தது என்பது 1990களில்தான் வெளிப்பட்டது.

கவனக்குறைவு என்ன செய்யும் என்பதற்கு ஜெர்மனியின் லூபெக் நகரம் இருக்கிறது. 1930இல் அங்கே மருந்து தயாரித்த கூடத்தில் வீரியமான காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. மெலிந்த கிருமிதான் மறுபடி வலுத்துவிட்டது என்று பழி வந்தது. அது இல்லை என்று விசாரணையில் நிரூபணமாகியும், 1933இல் கால்மெட் சாகும்வரை அந்த நிழல் விலகவில்லை.

அப்புறம், இந்த ஊசி சர்வரோக நிவாரணி என்றும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயைத் தடுக்கும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று 1968இல் நம் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது. அது தனிக் கதை. வேண்டுமென்றால் அவளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.